சாந்தா உமையாள் தீவு

சர்வசித்து வருடம், ஆவணி 3

இன்று எனக்குக் காகிதம் கிடைத்தது. இந்தக் கப்பலின் எழுத்தர் பாஸ்குவால் கொடுத்தார். ஓரமெல்லாம் உப்புப் பூத்திருக்கிறது. ஓலையில் எழுத்தாணியை அழுத்திப் பழகிய கைக்கு, வாத்து இறகால் எழுதுவது கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோல இருக்கிறது. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

பாடம் தொடங்குமுன் பெயர் கூப்பிடுவது என் பழக்கம். என் பெயர் அம்பலவாணன். மலாக்காவில் தமிழ் வணிகர் தெருவில் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவன். ஒரே மகள் உமையாள். தாயில்லாப் பெண். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். நான்தான் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டும்.

இப்படிப்பட்டவனுக்குக் கிழக்குக் கடலின் கோடியில் என்ன வேலை? கிராம்பு பார்க்க வந்தேன். "கிராம்பு ஒரு காய்" என்று முப்பது வருடம் பாடம் சொன்னேன். கிராம்புத் தீவுகளுக்குக் கப்பல் விடும் என் பழைய மாணவன் ஒருவன், அதை மரத்தில் பார்த்திருக்கிறீர்களா ஐயா என்று போன தையில் கேட்டுவிட்டான். பார்த்ததில்லை. ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று அவன் கப்பலில் ஏறினேன். கப்பல் பாறையில் மோதியது. எல்லோரும் சிறு படகில் ஏறினார்கள். குடையை எடுக்கத் திரும்பிய ஒரே ஆள் நான். அலை என்னையும் குடையையும் பாறையில் வைத்துவிட்டு, படகை வேறு பக்கம் கொண்டுபோயிற்று.

இரண்டு நாள் குடை பிடித்தபடி பாறையில் உட்கார்ந்திருந்தேன். கடல் நடுவில் குடையைப் பார்த்த ஆச்சரியத்தில்தான் இந்தக் காஸ்தீலியக் கப்பல் பக்கத்தில் வந்தது. இவர்கள் மலாக்காவைப் பிடித்திருக்கும் பறங்கிகள் அல்லர். அவர்களுக்கும் இவர்களுக்கும் எதிரெதிர் வீட்டுப் பங்காளிகளைப் போல உறவு. முகஜாடை ஒன்று, சாமி ஒன்று, பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. மலாக்காச் சந்தையில் கற்ற பறங்கி மொழி இவர்களுக்கும் புரிகிறது. தீவுக்காரர்களின் மலாய் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆக, ஏறிய அரை நாழிகையில் துபாஷி ஆகிவிட்டேன்.

கப்பித்தான் ரோத்ரிகோ தெ வில்லாசெக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு கண் இல்லை. இருக்கும் கண் இரண்டு கண்ணின் வேலையைச் செய்கிறது. என்னிடம் ஒப்பந்தம் பேசினார். மூன்று தீவுகள் அவருடைய அரசரை ஏற்றுக்கொண்டதாகப் பத்திரம் எழுத வேண்டும். மூன்று பத்திரம் இருந்தால் அவர் தன் ஊர் திரும்பலாம். இல்லாமல் திரும்பினால் சிறை. அந்த மூன்றுக்கும் நான் வாய். மூன்றாவது முடிந்ததும், ஜாவாக் கப்பல்கள் வரும் துறையில் என்னை இறக்கிவிடுவார்.

புரட்டாசி முடிந்தால் கீழைக்காற்று நின்றுவிடும். அதன்பின் மேற்கே போக அடுத்த வைகாசிவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் உமையாளின் கல்யாணம் யாரோ ஒரு சித்தப்பன் கையால் நடந்து முடிந்திருக்கும். கணக்கு எளிது: மூன்று தீவு, அறுபது நாள்.

ஆவணி 5

பிஸ்கோத்தில் வண்டு இருக்கிறது. நான் சைவம். தட்டத் தட்ட ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. எல்லோருக்கும் விடைகொடுத்து முடிப்பதற்குள் பிஸ்கோத்து தீர்ந்துவிட்டது.

ஆவணி 9

கப்பித்தான் மாலையில் தன் கதையைச் சொன்னார். நான் கேட்கவில்லை. வாத்தியாரைக் கண்டால் எல்லோருக்கும் ஒப்பிக்கத் தோன்றும்போலும்.

மழை பெய்யாத ஊரில் பிறந்தவர். பன்றி மேய்த்தார். பத்தொன்பது வயதில், மேற்குக் கடலுக்கு அப்பால் புது நாடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பன்றிகளை ஓக் மரத்தடியில் அப்படியே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். அவை தானாக வீடு திரும்பினவா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. முப்பது வருடமாக அது உறுத்துகிறது என்றார்.

புது நாட்டில் காடு வெட்டிக்கொண்டு இருபத்தாறு நாள் நடந்து, எவரும் சொல்லாத ஒரு கடலைக் கண்டார். கொடியைத் தூக்கிக்கொண்டு, இரும்புச் சட்டையோடு தண்ணீரில் இறங்கினார், கடலை அரசர் பெயரில் எடுத்துக்கொள்ள. சேற்றில் இடுப்புவரை புதைந்துவிட்டார். நான்கு பேர் இழுத்தும் வரவில்லை. பக்கத்து ஊர்ப் பெண்கள் நண்டு பிடிக்க வந்தவர்கள், பலகையைப் போட்டு எடுத்துவிட்டார்களாம். "கடலை நான் பிடிக்கல வாத்தியாரே, கடல்தான் என்னைப் பிடிச்சது" என்றார். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தோம்.

அந்தப் பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டேன். காற்று மாறுகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

ஆவணி 14

முதல் தீவு. பெயர் மாவே. வடக்குப் பார்த்த குடா, வெள்ளை மணல், பின்னால் திமில்போல வளைந்த மலை.

பெரிய ஆட்கள் ஒரு நாட்டை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று இதுவரை எனக்குத் தெரியாது. இன்று பார்த்தேன். முதலில் ஒரு காகிதத்தைப் படிக்கிறார்கள். கடவுள் உலகைப் படைத்தார், அதைத் தன் பெரிய குருவிடம் ஒப்படைத்தார், அந்தக் குரு இந்தக் கடல்களையும் தீவுகளையும் எங்கள் அரசருக்குக் கொடுத்தார், ஆகவே பணியுங்கள், பணியாவிட்டால் போர் தொடுத்து உங்களையும் மனைவி மக்களையும் அடிமையாக்குவோம், வரும் கேட்டுக்கு நீங்களே பொறுப்பு. பாஸ்குவால் மூக்கு காகிதத்தில் உரச உரசப் படித்தார். அவருக்குக் கிட்டப்பார்வை. ஒரு முழத்துக்கு அப்பால் இருக்கும் உலகம் அவருக்கு வெறும் நிறம். பக்கத்தில் தியேகோ என்கிற சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான். அதைச் சுடப் பற்றவைக்கும் திரி புகைந்துகொண்டிருந்தது.

ஊர்த்தலைவர் பெயர் சாலே. பட்டு உடுத்தி, தடித்த மீசையை முறுக்கிவிட்டு, அறுபது பேரோடு மணலில் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு வரியும் விடாமல் மலாயில் சொன்னேன். நல்ல மாணவனைப் போலக் கேட்டுவிட்டு, கையைத் தூக்கினார்.

"குருவே, அந்தப் பெரிய சாமியார் எங்க தீவைப் பார்த்திருக்காரா?"

இல்லை என்றேன். எங்கே இருக்கிறது என்றாவது தெரியுமா? தெரியாது. பிறகு எப்படிக் கொடுத்தார், ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றார். உதாரணம் கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. இந்த ஊர்க்காரரின் தென்னையை, பக்கத்து ஊர்க்காரர், மூன்றாவது ஊர்க்காரரின் மருமகனுக்குச் சீராகக் கொடுப்பதுபோல என்றேன்.

சாலே மல்லாந்து விழுந்து சிரித்தார். அறுபது பேரும் சிரித்தார்கள். தியேகோ திரியை ஊதினான். கப்பித்தான் என்னைப் பார்த்து, "அவங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டார். நன்றாகவே புரிந்தது என்றேன். "அவசரப்படுத்தாதீங்க. நேரம் எடுத்துக்கட்டும்" என்றார். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.

திரியை மட்டும் சாலே சிரித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளேயிருந்து ஒரு மூங்கில் குழாயைக் கொண்டுவரச் சொன்னார். அதில் ஏற்கெனவே நான்கு பத்திரங்கள் சுருட்டி இருந்தன. இரண்டு சுல்தான்கள், ஒரு பறங்கி, இன்னொன்று யாருடையது என்று அவருக்கே மறந்துவிட்டது. இவர்களும் ஒன்று தரட்டும், குழாயில் இடம் இருக்கிறது என்றார்.

கையெழுத்து முடிந்ததும் கப்பித்தான் வாளால் ஒரு கிளையை வெட்டினார். புல்லைப் பிடுங்கினார். மணலை அள்ளி நாலு பக்கமும் எறிந்தார். ஓடைத் தண்ணீர் குடித்தார். மறுப்பவர் உண்டா என்று மூன்று முறை கேட்டார். இல்லை என்று பாஸ்குவால் எழுதினார். தீவுக்கு அரசர் பெயரை வைத்தார்கள். சாலேக்கு ஒரு சிவப்புத் தொப்பி பரிசு. அதைப் போட்டுக்கொண்டு அவர் மூன்று முறை சுற்றிக் காட்டினார்.

ஆவணி 15

கிராம்பு பார்த்தேன். சாலேயே கிளையை வளைத்துக் காட்டினார். காய் இல்லை. பூக்காத மொட்டு. முந்நூறு பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மரத்தடியில் நெடுநேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கப்பலில் ஏறியபின் மாலுமிகள் என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள்.

ஆவணி 20

நான்கு நாள் புயல். திசைகாட்டிப் பெட்டி கடலில் போயிற்று. வழிகாட்டி மாலுமி ஆனியிலேயே காய்ச்சலில் இறந்துபோனவர். இப்போது எங்கே இருக்கிறோம் என்று தெரிந்த ஆள் கப்பலில் யாரும் இல்லை என்று பாஸ்குவால் சொன்னார். குடை பத்திரமாக இருக்கிறது.

ஆவணி 22

இரண்டாவது தீவு. கிழக்குப் பார்த்த குடா, கரி மணல், ஊசிபோல நிமிர்ந்த ஒற்றை மலை. எல்லோருக்கும் கொண்டாட்டம்.

கரையில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சேறும் செதிலுமாகக் கோவணத்தோடு ஒருவர் வலையிலிருந்து எழுந்து வந்தார். பத்தடி தூரத்தில் அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

சாலே.

மாவேதான். புயல் எங்களைத் தீவைச் சுற்றிக் கொண்டுவந்து பின்வாசலில் விட்டிருக்கிறது. மீன் பருவத்தில் ஊரே மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடுமாம். நடந்தால் அரை நாள். மலை முன்னால் பார்த்தால் திமில், பக்கவாட்டில் பார்த்தால் ஊசி. வகுப்பில் பார்த்த பையனைத் தேர்த்திருவிழாவில் பார்த்தால் அடையாளம் தெரியாது, அதுபோல.

மற்றவர்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்றால், அதில் வியப்பில்லை. தாடி வைத்த இந்த நாற்பத்தோரு பேரும் முதல் வாரம் எனக்கு ஒரே ஆளாகத்தான் தெரிந்தார்கள்.

சாலே வாயைத் திறந்தார். தியேகோவின் திரி புகைந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கக்கூட நேரமில்லை. மலாயில் வணக்கம் சொல்லும் குரலிலேயே, இவர்கள் இதைப் புதுத்தீவு என்று நினைக்கிறார்கள், தயவுசெய்து முகம் கழுவாதீர்கள் என்றேன். ஒரு மீன் துள்ளி அடங்கும் நேரம் யோசித்தார். பிறகு முன்பின் பார்த்திராதவரைப் போலக் குனிந்து, தன் பெயர் ஹாரூன் என்றார்.

காகிதம் படித்தோம். ஊர் முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தது. பயபக்தி என்று பாஸ்குவால் எழுதிக்கொண்டார். மறுப்பவர் உண்டா என்று கப்பித்தான் கேட்டபோது ஓர் ஆடு கத்தியது. இதையும் பதிவு செய்வதா என்று பாஸ்குவால் கேட்டார். ஆட்டிடம் மொழிபெயர்த்துக் கேட்கச் சொல்லி என்னை ஏவினார் கப்பித்தான். கேட்டேன். மறுப்பு இல்லை.

வெள்ளை மணலில் அன்றைக்குக் கப்பித்தானிடம் எலும்பு வாங்கித் தின்ற மஞ்சள் நாய் ஒன்று இங்கும் ஓடிவந்து அவர் கையை நக்கியது. என் உயிரே போயிற்று. அவர் அதன் காதைச் சொறிந்துவிட்டு, "இந்தத் தீவுலயும் நாய்ங்க நல்லதாதான் இருக்கு" என்றார். ஒற்றைக் கண்ணுக்கு நாய் தெரியும், நாயின் நிறம் தெரியாதுபோலும்.

தீவுக்கு அவருடைய தாயார் பெயர் வைத்தார்கள்: சாந்தா லுசியா. சாந்தா என்றால் புனிதவதி. சாலேக்கு இரண்டாவது சிவப்புத் தொப்பி.

நான் பொய் சொல்லவில்லை. இது எந்தத் தீவு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆவணி 24

தண்ணீர் நிரப்பப் போகிறேன் என்று சொல்லிச் சாலேயைப் பார்த்தேன். தெற்கே இன்னொரு குடா இருக்கிறது, சிவப்பு மண், மலை அங்கிருந்து பார்த்தால் மேகத்துக்குள் போய்விடும் என்று அவராகவே சொன்னார். உமையாளின் கல்யாணத்தைப் பற்றி முந்தின நாள்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளைக்கு என்ன வயது என்று விசாரித்தார்.

"வாங்க குருவே, மூணாவது தடவையும் பிடிச்சுக்கட்டும். ஆனா அந்தப் பொகையிற குச்சி மட்டும் பேசக் கூடாது" என்றார். இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

கப்பித்தானிடம், தெற்கே ஒரு தீவு உண்டு என்று மீனவர்கள் சொல்கிறார்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று எனக்கே தெரியாது.

ஆவணி 28

கடலில் எங்கெங்கோ சுற்றுகிறோம். கப்பித்தானே சுக்கான் பிடிக்கிறார். நட்டநடுப் பகலில், வெயிலில் எல்லோரும் பாய் நிழலில் படுத்திருக்கும்போது, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

இந்தக் காகிதத்தை முதல்முறை எங்கே படித்தீர்கள் என்று நான் ஏன் கேட்டேனோ. பலகை போட்டுத் தன்னைத் தூக்கிவிட்ட பெண்களின் ஊரில்தான் என்றார். துபாஷி இல்லை. ஊருக்கு வெளியே மரங்களுக்குப் பின்னால் நின்று, தங்கள் மொழியில், மெல்லிய குரலில் படித்தார்களாம். படித்து முடித்ததற்குச் சாட்சிக் கையெழுத்து அவருடையது.

"கோழிகூட முழிச்சுக்கல வாத்தியாரே. பதில் வரலைன்னு எழுதிக்கிட்டோம்."

சுக்கானை ஒரு பக்கம் திருப்பினார். பிறகு, பன்றிகள் தானாக வீடு திரும்புமா என்று மறுபடியும் கேட்டார். பசித்தால் திரும்பும் என்றேன்.

புரட்டாசி 1

தியேகோவும் ஏழெட்டுப் பேரும் முணுமுணுக்கிறார்கள். இரண்டு தீவு பிடித்தும் ஒரு கத்தி உறையைவிட்டு வெளியே வரவில்லையாம். மூன்றாவதில் ஒரு வீடாவது எரிந்து புகை வராவிட்டால் ஊரில் என்ன கதை சொல்வது என்கிறான். புகைதான் வேண்டுமென்றால் சமையல் அடுப்பருகே போய் உட்காரக் கூடாதா என்று கேட்க நினைத்தேன். திரியைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

இன்னும் முப்பது நாளே காற்று இருக்கிறது.

புரட்டாசி 6

மூன்றாவது தீவு.

விடிந்ததும் பனி விலகியது. எதிரே சிவப்பு மண் கரை, மேகத்துக்குள் தலையை மறைத்த மலை. திசைகாட்டி இல்லாமல் பத்து நாள் அலைந்தவர் சாலே சொன்ன குடாவின் வாயிலிலேயே எப்படி வந்து நின்றார் என்று தெரியவில்லை. குருட்டு அதிர்ஷ்டம்தான்.

சாலேயின் மைத்துனர் அரசராக நடிப்பதாக ஏற்பாடு. அவர் நேற்றிரவே பயந்து காட்டுக்குள் ஓடிவிட்டாராம். ஆகவே மூன்றாம் முறையும் சாலேதான். இந்தத் தடவை மீசையை மழித்து, முகத்தில் சாம்பல் பூசி, தலையில் வாழை இலையைக் கட்டிக்கொண்டு வந்தார். பெயர் மூசா. தனக்கும் வடக்கே இருக்கும் சாலே என்பவனுக்கும் ஏழு தலைமுறைப் பகை என்று நான் சொல்லித்தராததையெல்லாம் சேர்த்துக்கொண்டார். நடிப்பில் ருசி கண்டுவிட்டார்.

கரைக்கு வருமுன் வழக்கப்படி பீரங்கி முழக்க வேண்டும் என்று தியேகோ சொன்னான். வெடிமருந்து நனைந்துவிட்டது என்றார் கப்பித்தான். பத்து நாளாக நான் உட்கார்ந்து எழுதும் பீப்பாயே வெடிமருந்துப் பீப்பாய்தான். அது நனையவில்லை.

காகிதத்தில் போர், அடிமை என்ற இடத்துக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பாஸ்குவால் காகிதத்தை மார்பில் அணைத்தார். நான் குடையை விரித்து அவருக்குப் பிடித்தேன். கூட்டத்தின் பின்வரிசையில் வழுக்கைத் தலையோடு உட்கார்ந்திருந்த சாலேயின் தாய்மாமன், நனைகிறதே என்று, இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

சிவப்புத் தொப்பி.

ஊரே அதைப் பார்த்தது. சாலே பார்த்தார். கடைசியாகத் தியேகோ பார்த்தான்.

"அது நம்ம தொப்பி" என்றான். மூன்று பேர் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார்கள். திரியை மழையிலிருந்து கையால் மறைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் தன் குழந்தையைப் பின்னால் தள்ளினாள். யாரும் இப்போது சிரிக்கவில்லை. எனக்கு மலாயும் மறந்தது, பறங்கி மொழியும் மறந்தது. உமையாள் ஏனோ ஐந்து வயதுக் குழந்தையாக நினைவுக்கு வந்தாள்.

கப்பித்தான் மழையில் நடந்துபோனார். வரிசை வரிசையாக ஆட்கள் விலகினார்கள். மாமனின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி, உள்ளே திருப்பிப் பார்த்து, தண்ணீரை உதறி, மறுபடி அவர் தலையிலேயே வைத்து, காதுவரை இழுத்துவிட்டார்.

"நம்ம தொப்பிதான். முதல் தீவுல நாம குடுத்தது, இதுக்குள்ள இங்க வந்து சேர்ந்திருக்கு. அப்ப இந்தத் தீவுங்களுக்குள்ள வியாபாரம் நடக்குது. இதைவிட நல்ல சேதி நம்ம ராஜாவுக்கு என்ன வேணும்? எழுதிக்க பாஸ்குவால்."

பாஸ்குவால் என் குடைக்குள் எழுதினார்: இத்தீவுகளிடையே சுறுசுறுப்பான வாணிபம் உள்ளது.

தியேகோ தொப்பியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு, வியாபாரம் என்றால் கிராம்பு, கிராம்பு என்றால் பங்கு என்று யோசித்திருக்க வேண்டும். துப்பாக்கியை இறக்கினான். மழை திரியை அணைத்தது.

சாலே முன்னால் வந்து, காகிதத்தில் மீதி எத்தனை வரி என்று என்னைக் கேட்டார். நான்கு என்றேன். அதற்குப் பதிலாகச் சாப்பிடலாமே என்றார். மொழிபெயர்த்தேன்.

"அவங்களுக்குப் புரிஞ்சுதா?" என்றார் கப்பித்தான்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதுங்க."

"அப்ப போதும்."

தீவுக்கு எந்தப் புனிதவதியின் பெயர் வைப்பது என்று பாஸ்குவால் கேட்டார். இன்றைய தேதிக்கு உரியவர் யார் என்று அவருக்கும் நினைவில்லை. பஞ்சாங்கம் புயலில் போய்விட்டது. கப்பித்தான் என் பக்கம் திரும்பி, பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இப்படித்தான், காஸ்தீலிய அரசரின் பதிவேட்டில், சிவப்பு மண்ணும் நல்ல தண்ணீரும் உள்ள சாந்தா உமையாள் தீவு ஏறியது.

வாழையிலையில் சோறு. இருபத்தைந்து பேர் என்னிடம் தனித்தனியாக வந்து, மீசை மழித்தது நன்றாக இருக்கிறதா என்று சாலேயைப் பற்றிக் கேட்டார்கள். கொஞ்சம் கள்ளும் குடித்ததாக நினைவு. குடைதான் என்னைக் கப்பலுக்குக் கூட்டிவந்திருக்க வேண்டும்.

புரட்டாசி 14

துறை தெரிகிறது. மூன்று ஜாவாக் கப்பல்கள் நிற்கின்றன. ஒன்றில் தமிழில் யாரோ யாரையோ திட்டுவது தண்ணீர்மேல் மிதந்து வருகிறது. காதுக்கு எவ்வளவு இதம்.

கப்பித்தான் சிறு படகுவரை வந்தார். மிச்சமிருந்த ஒரு சிவப்புத் தொப்பியைக் கொடுத்தார், மாப்பிள்ளைக்கு. ஊர் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பன்றிகளைத் தேடுவேன் என்றார். ஒன்றாவது இருக்காதா, இல்லாவிட்டால் பேரன் பேத்திகள் இருக்குமே என்றேன். நெடுநேரம் சிரித்தார். பிறகு என் குடையைக் கையில் கொடுத்து, படகைத் தள்ளிவிட்டார்.

"போற வழியில சாலேயைப் பார்த்தா, மீசையோட இருந்தப்பதான் அழகா இருந்தாருன்னு சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினேன். படகு பாதி தூரம் வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. எழுந்து நின்று திரும்பிப் பார்த்தேன். படகோட்டி உட்காரச் சொல்லிக் கத்தினான். அங்கே கப்பித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு பாய்க்கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு, வகுப்பில் யார் தூங்குவதுபோலப் பாசாங்கு செய்கிறான் என்று தெரியவில்லை.

புரட்டாசி 17

இன்று காலை மேற்கே போகும் வழியில், இடப்பக்கம் ஒரு தீவைப் பார்த்தேன். இரண்டு சிகரம், நடுவில் அருவி, கரையெல்லாம் பச்சை. இப்படி அழகான தீவை இந்தக் கடலில் நான் கண்டதில்லை. துள்ளிக் குதித்து, இது என்ன புதுத்தீவு என்று மாலுமித் தலைவரைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாவே. மேற்குப் பக்கம்."

பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். இந்தக் கப்பலிலும் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குள் ஒரு படகு மீன் விற்க வந்தது. முன்னால் சிவப்புத் தொப்பியோடு சாலே. கப்பித்தான் சொன்னதைச் சொன்னேன். விரலால் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, கிழக்கே, கப்பல் போன திசையை, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூடையிலிருந்து பூத்தும் பூக்காததுமாக ஒரு கிராம்புக் கிளையை எடுத்து நீட்டினார். கல்யாணத்துக்கு.

தை 11

உமையாளின் கல்யாணம் நல்லபடி முடிந்தது. என் கையால் கொடுத்தேன். மாப்பிள்ளைக்குச் சிவப்புத் தொப்பி கொஞ்சம் பெரிது.

பந்தியில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் என் பழைய மாணவர்கள். பாயசம் வருமுன் எழுந்து நின்று, கிராம்பு காய் அல்ல, மொட்டு என்று சொல்லி, காய்ந்துபோன கிளையைக் கையோடு கைமாற்றிக் காட்டினேன். எங்களுக்கு அப்போதே தெரியும் ஐயா, உங்கள் மனம் நோகுமே என்றுதான் சொல்லவில்லை என்றார்கள்.

உமையாள் என்னைத் தனியே இழுத்து, தன் பெயரில் ஒரு தீவு இருப்பதாகச் சொன்னது மெய்தானா என்று கேட்டாள். ராஜாவின் ஏட்டிலேயே இருக்கிறது என்றேன். அங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்றாள். அறுபது பேர் இருக்கிறார்கள், எல்லோரும் சௌக்கியம் என்றேன்.